இடுப்பளவு கேட்காத காதல்

திரையில் பருத்த ஆணுக்குக் காதல் வந்தால் அது வெறும் கதை. பருத்த பெண்ணுக்கு வந்தால் அது 'துணிச்சலான முயற்சி'. சினிமாவின் இந்தக் கணக்கு கண்டி நகரத்துத் தையற்கடை வரைக்கும், கல்யாணப் பேச்சு வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

தமிழ்ப் படத்தில் காதலிப்பதை ஒரு பெரிய விளையாட்டாக ஆடிக்காட்டிய மனிதர் பிறந்தது கண்டி மாவட்டத்து நாவலப்பிட்டியில். 1917 ஜனவரி 17 அன்று பிறந்த எம்.ஜி.ராமச்சந்திரன் சிறு பிள்ளையாகவே கடல் கடந்து போய்விட்டார். ஆனாலும் இந்த மலைநாட்டில் இரண்டு மூன்று தலைமுறை காதலைப் படித்தது அவருடைய படங்களில்தான். அவற்றில் அசல் ரொமான்டிக் காமெடி எது என்று கேட்டால், 1966இல் வந்த 'அன்பே வா'வைத்தான் சொல்ல வேண்டும். ஓய்வெடுக்கத் தன் மலை பங்களாவுக்கு வருகிறார் ஒரு பணக்காரர். வேலைக்காரன் அதை வாடகைக்கு விட்டிருக்கிறான். சொந்த வீட்டிலேயே வாடகைக்காரனாகத் தங்கி, அங்கே குடியிருக்கும் பெண்ணோடு மல்லுக்கு நிற்கிறார். சண்டை காதலாகிறது.

அந்தப் பெண் சரோஜாதேவி. இன்றைய கண்ணால் அவரை ஒரு தடவை பாருங்கள். வட்ட முகம், நிறைந்த தோள், சதைப்பிடிப்பான கை. அதே உடல்வாகோடு ஒரு பெண் இன்று கதாநாயகி வாய்ப்புக் கேட்டுப் போனால், முதலில் ஜிம்முக்கு அனுப்பிவிட்டுத்தான் மறுபேச்சு. 1966இல் அது ஒரு விஷயமாகவே இருக்கவில்லை. அவர் வம்புக்கு இழுத்தார், கோபித்தார், காதலித்தார். படம் முழுவதும் அவருடைய எடையைப் பற்றி ஒரு வசனமும் தேவைப்படவில்லை. அவருக்கு முன்னால் 'மிஸ்ஸியம்மா'வில் (1955) சாவித்திரி. பின்னால் 'சின்னத்தம்பி'யில் (1991) குஷ்பு. குஷ்புவுக்குத் திருச்சிப் பக்கம் ரசிகர்கள் கோயில் கட்டினார்கள். பூப்போன்ற இட்லிக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். பூசினாற்போன்ற உடம்பு அப்போது கதாநாயகியின் சொத்து.

பிறகு எங்கோ ஓரிடத்தில் அந்தச் சொத்து பறிபோனது. 2000க்குப் பிறகு கதாநாயகியின் இடுப்பு சுருங்கிக்கொண்டே வந்தது. 2015இல் அந்த உடம்பு திரைக்குத் திரும்பி வந்தபோது, 'உங்களை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்' என்ற போதனையோடு வந்தது. சரோஜாதேவி கேட்காமலே வைத்திருந்த உரிமையை, இப்போது ஒரு பெண் இரண்டரை மணிநேரம் அழுது, போராடி, நிரூபித்து வாங்க வேண்டியிருக்கிறது. இதை முன்னேற்றம் என்று சொல்வதா, பின்னடைவு என்று சொல்வதா?

சதை பிடித்தால் சந்தோஷப்பட்ட மலை

கண்டியைச் சுற்றியுள்ள தமிழ்க் குடும்பங்களில் உடம்பைப் பற்றிய பேச்சுக்கு ஒரு வரலாறு உண்டு. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடத் தொடங்கிய நாளிலிருந்து, இந்த மலைகளில் பசி தீர்ந்த காலம் குறைவு. 1973, 74இல் நாடு முழுக்க அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு வந்தபோது நகரத்தில் பாணுக்கு விடியுமுன்னே கியூ நின்றார்கள். தோட்டத்து லயங்களில் அந்தக் கியூவுக்கும் வழியில்லை. மரவள்ளிக்கிழங்கையும் கிடைத்த கீரையையும் தின்று நாளை ஓட்டினார்கள். பட்டினியால் செத்தவர்களும் உண்டு. அந்தக் காலத்தைத் தாண்டி வந்த ஓர் அப்பாயிக்குப் பேத்தியின் கன்னத்தில் சதை பிடித்தால் அதைவிடப் பெரிய நல்ல சேதி இல்லை. "இப்பதான் ஆளு பாக்கிற மாதிரி இருக்கா" என்பது அவர் வாயிலிருந்து வரும் உயர்ந்த பாராட்டு.

பசி முழுசாகப் போய்விடவும் இல்லை. 2016ஆம் ஆண்டின் தேசிய குடித்தொகை, சுகாதார அளவீட்டில் நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 வீதமானோர் வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருந்தார்கள். தோட்டங்களில் மட்டும் அது 31.7 வீதம். அதே காலத்தில், 2015இல் எடுத்த இன்னொரு தேசிய ஆய்வு, வயது வந்த பெண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் அளவுக்கு மிஞ்சிய எடையோடு இருப்பதாகச் சொன்னது. ஹந்தானை மேட்டில் சாப்பாடு போதாத பிள்ளை. கீழே நகரத்தில் சோற்றைக் குறைக்கச் சொல்லிக் கண்டிக்கப்படும் பிள்ளை. இரண்டுக்கும் இடையே ஒரு பஸ் பயணம்தான்.

இதனால் ஒரே வீட்டில், ஒரே பெண்ணைப் பார்த்து மூன்று தீர்ப்பு. அப்பாயி "நல்லா இரு தாயி" என்று இன்னொரு அகப்பை சோறு போடுகிறார். அம்மா அந்தச் சோற்றைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். கல்யாணத் தரகர் கேட்டிருக்கும் முழு உருவப் புகைப்படம் அவர் மனதில் ஓடுகிறது. பேத்தி கைத்தொலைபேசியில் இஞ்சி, எலுமிச்சை, வெந்நீர் என்று ஒரு காணொளியைத் தேடிக்கொண்டிருக்கிறாள். அப்பாயி நாளில் தட்டுப்பாடு தீர்ப்பை எழுதியது. பேத்தி நாளில் திரை எழுதுகிறது.

திரைக்கு அவ்வளவு சக்தி உண்டா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு பிஜித் தீவு ஒரு பதில். நம் ஆட்கள் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன அதே பிஜிதான். அங்கத்திய பூர்வீகக் குடிகளிடம் பருத்த உடம்புக்கு மதிப்பு. மெலிந்தால் கவலையோடு விசாரிப்பார்கள். 1995இல் நாட்ரோகா என்ற மாகாணத்துக்குத் தொலைக்காட்சி வந்தது. அமெரிக்க உளமருத்துவரும் மானிடவியலாளருமான ஆன் பெக்கர், அது வந்த புதிதிலும் மூன்று ஆண்டுகள் கழித்தும் பாடசாலைப் பெண்பிள்ளைகளிடம் ஒரே கேள்விகளைக் கேட்டார். உணவைக் கண்டு அஞ்சும், உடம்பை வெறுக்கும் மனநிலை ஆபத்தான அளவில் இருந்தவர்கள் 12.7 வீதத்திலிருந்து 29.2 வீதமாக உயர்ந்திருந்தார்கள். எடை குறைப்பதற்காகத் தானே வாந்தி எடுக்கும் பழக்கம் முதல் ஆய்வில் ஒருவரிடமும் இல்லை, இரண்டாவதில் 11.3 வீதத்தினரிடம் இருந்தது. இலங்கைக்குத் தொலைக்காட்சி 1979இல் வந்தது, ரூபவாஹினி 1982இல். அன்றைக்கு இங்கே யாரும் அப்படிக் கேள்வி கேட்டு எண்ணிப் பார்க்கவில்லை. ஆனால் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்பதைக் கல்யாண வயதில் பெண் இருக்கும் எந்த வீட்டிலும் ஊகிக்கலாம்.

அளவு நாடாவும் ஆல்பமும்

கண்டி கொழும்பு வீதிப் பக்கம், புடவைக் கடைகளுக்கு மேலே மாடியில், சாறி சட்டை தைக்கும் சின்னச் சின்னக் கடைகள் உண்டு. கல்யாண மாதத்தில் உள்ளே நிற்க இடமிருக்காது. பெரும்பாலான கடைகளில் ஒரு வழக்கம்: தைக்கிறவர் நாடாவைப் பிடித்து அளவை உரக்கச் சொல்வார், உதவிக்கு இருக்கும் பெண் சி.ஆர். கொப்பியில் எழுதுவாள். மார்பு, இடுப்பு, கைச்சுற்று. எண்கள் ஆங்கிலத்தில் வரும். காத்திருக்கும் பத்துப் பேருக்கும் அவை கேட்கும். கைச்சுற்றுக்கு வரும்போது பருத்த பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வதைக் கவனித்தால் தெரியும். மூச்சைப் பிடித்துப் புஜத்தின் அளவைக் குறைக்க முடியாது. அது அவர்களுக்கும் தெரியும்.

அப்படி ஒரு கடையில் நடுத்தர வயது அம்மா ஒருவர் மட்டும் வேறு மாதிரி வேலை செய்கிறார். நாடாவைப் பிடிப்பதும் அவரே, எழுதுவதும் அவரே. அளவை வாய்விட்டுச் சொல்வதில்லை. அளந்து முடித்ததும், "உள்ளுக்குத் துணி விட்டுத் தைக்கிறேன். வேணும்னா பிரிச்சுக்கலாம், பிடிச்சுக்கலாம்" என்பார். அவ்வளவுதான். "நீங்க இப்படியே அழகுதான் தங்கச்சி" என்ற ஆறுதலும் இல்லை, "கொஞ்சம் குறைச்சிட்டு வாங்களேன்" என்ற அறிவுரையும் இல்லை. இருக்கிற உடம்புக்கு ஒரு நல்ல சட்டை வெட்டுவது அவருக்கு வேலை. இந்த நகரத்தில் உடலை ஏற்றுக்கொள்வது எப்படி இருக்கும் என்று கேட்டால், மேடைப் பேச்சை விட அந்த மாடிக்கடைதான் சரியான எடுத்துக்காட்டு.

ஆயத்த உடுப்பில் இன்னொரு வேடிக்கை. பல்லேகலைக் கைத்தொழில் பேட்டையிலும் நாட்டின் மற்ற வலயங்களிலும் நம் பெண்கள் தைப்பது வெளிநாட்டுப் பெண்களுக்கான உடுப்பு. கட்டுநாயக்கவிலும் பியகமவிலும் மலையகப் பிள்ளைகள் எத்தனையோ பேர் மெஷினில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த உடுப்புகளில் டபுள் எக்ஸ்எல்லும் உண்டு, அதற்கு மேலும் உண்டு. ஏற்றுமதியில் மிஞ்சியது உள்ளூர்க் கடைக்கு வந்தால், கண்டியில் பருத்த பெண்கள் தேடிப் போவது அதைத்தான். உள்ளூருக்கென்று தைக்கும் 'எக்ஸ்எல்' அவர்களுக்குத் தோளிலேயே நின்றுவிடும். உலகத்தில் பெரிய உடம்புகள் இருக்கின்றன என்பது நம் தொழிற்சாலைக்குத் தெரியும். நம் கடைக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

அடுத்தது ஆல்பம். பேராதனைப் பூங்காவில் கல்யாணச் சோடிகள் படம் எடுக்காத முகூர்த்த நாள் அபூர்வம். நெடிய பனைமர வரிசைக்கு நடுவே நின்று பார்த்தால், படம் பிடிக்கும் பையன்கள் மணமகளுக்குக் கொடுக்கும் கட்டளைகள் காதில் விழும். "அக்கா, கொஞ்சம் சைட்டுக்குத் திரும்புங்க." "கையை உடம்போட ஒட்ட வைக்காதீங்க." "நாடிய முன்னுக்கு நீட்டுங்க." கை ஒட்டினால் புஜம் பருத்துத் தெரியும், நாடி இறங்கினால் கழுத்தில் மடிப்பு விழும். மாப்பிள்ளைக்கு வரும் கட்டளை ஒன்றே ஒன்று: "அண்ணே, சிரிங்க." அவருடைய வயிறு கோட்டுக்கு வெளியே வந்து வெயில் காய்ந்தாலும் அதற்குக் கட்டளை கிடையாது.

ஆல்பத்துக்கு முன்னே நடக்கும் பேச்சிலும் இதே கதைதான். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் மணமகள் தேவை விளம்பரங்களை வாசித்தால், 'மெலிந்த', 'சிவந்த' என்ற சொற்கள் படிப்புக்கும் சாதகத்துக்கும் பக்கத்தில் சர்வசாதாரணமாக உட்கார்ந்திருக்கும். மணமகன் தேவை விளம்பரத்தில் 'மெலிந்த மாப்பிள்ளை' கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? அங்கே கேட்பது உத்தியோகமும் சொந்த வீடும்.

தோழிக்குக் காதல் கிடையாது

தமிழ் சினிமா பருத்த பெண்ணை ஒரேயடியாக ஒதுக்கிவிடவில்லை. அவளுக்கு ஓர் இடம் வைத்திருந்தது, கதாநாயகிக்குப் பக்கத்தில். 1982இல் 'கோழி கூவுது' மூலம் அறிமுகமான பிந்து கோஷ் நடனத்திலிருந்து வந்தவர். தாளத்துக்கு உடம்பை அசைக்கத் தெரிந்த கலைஞர். திரை அவரிடம் கேட்டது அந்தத் தாளத்தையல்ல. அவர் வந்து நின்றாலே சிரிப்பு வரும்படி காட்சி எழுதினார்கள். 2012இல் 'நீதானே என் பொன்வசந்த'த்தில் அறிமுகமான வித்யுலேகா ராமனுக்கு சந்தானத்தோடு நகைச்சுவை ஜோடி. கதாநாயகனும் நாயகியும் உருகி உருகிக் காதலிக்கும் படத்தில், தோழியின் காதல் சிரிப்புக்கு.

நகைச்சுவைக்கு இது ஒரு வசதி. எழுதுகிறவர் மூளையைக் கசக்க வேண்டியதில்லை. உடைந்த நாற்காலி, சாய்ந்த முச்சக்கரவண்டி, காலியான பிரியாணிச் சட்டி என்று மூன்று காட்சி கையிருப்பில் இருக்கிறது. உருவக் கேலி என்ற சொல் இப்போதுதான் பரவலாகப் புழங்குகிறது. அந்தச் சொல் இல்லாத காலத்தில் அதற்குப் பெயர் வெறும் காமெடி. நகரத்துப் பஸ்ஸில் மூவர் அமரும் இருக்கையில் ஒரு பருத்த பெண் உட்கார வரும்போது, பின்னால் நிற்கும் பையன்கள் ஒரு பட வசனத்தை எடுத்து விடுவது திரையில் படித்த பாடம்.

ஆண்களின் பக்கம் பார்த்தால் இந்தச் சட்டமே செல்லாது. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) சிக்கல் சண்முகசுந்தரத்தைப் போல வீறாப்பாகக் காதலித்தவர் யார்? அப்போது சிவாஜியின் உடம்பு ஒல்லியா? 'சின்னத்தம்பி'யின் பிரபு கொழுக்மொழுக்கென்றுதான் இருந்தார். குஷ்புவுக்கு அவர் மேல் காதல் வந்தது எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. '96' (2018) படத்தில் விஜய் சேதுபதி சதை போட்ட உடம்போடு வருகிறார். பழைய காதலியாக வரும் திரிஷா இருபது வருடத்துக்கு முன்பு எப்படி இருந்தாரோ அப்படியே இருக்கிறார். வயது ஆணின் உடம்பில் ஏறலாம், அனுபவம் என்று சொல்லிக்கொள்ளலாம். பெண்ணின் உடம்பில் ஏறினால் வேடம் மாறிவிடும்: அக்கா, அண்ணி, அம்மா.

2015இன் இரண்டு பெண்கள்

இந்தப் பின்னணியில்தான் 2015 முக்கியமாகிறது. அந்த வருடம் பெப்ரவரி 27இல் இந்தியில் 'தம் லகா கே ஹைஷா' வந்தது. சரியாக ஒன்பது மாதம் கழித்து, நவம்பர் 27இல் ஒரே படம் தமிழில் 'இஞ்சி இடுப்பழகி' என்றும் தெலுங்கில் 'சைஸ் ஸீரோ' என்றும் வந்தது. இரண்டும் காதல் நகைச்சுவை. இரண்டிலும் கதாநாயகி பருத்தவள்.

பிரகாஷ் கோவெலமுடி இயக்கிய 'இஞ்சி இடுப்பழகி'யில் அனுஷ்காவுக்கு ஸ்வீட்டி என்ற பெயர். ரசித்துச் சாப்பிடுகிறவள், தன் உடம்போடு அவளுக்குச் சண்டை இல்லை. சண்டை அம்மாவுக்கு. பெண் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்களே என்ற கவலை. ஆர்யாவோடு நட்பாகிறாள்; அவனோ சோனல் சௌகான் நடித்த ஒல்லிப் பெண் பக்கம் சாய்கிறான். அங்கேதான் ஸ்வீட்டி முதல் தடவையாகத் தன் உடம்பை இன்னொருத்தியின் உடம்போடு ஒப்பிடுகிறாள். பிரகாஷ்ராஜ் நடத்தும் எடைக்குறைப்பு நிலையத்தில் போய்ச் சேர்கிறாள். அங்கே கொடுக்கும் மருந்தால் தோழியின் சிறுநீரகம் கெடுகிறது. அதன் பிறகு படம் காதலை ஓரத்தில் வைத்துவிட்டு, அந்த நிலையத்துக்கு எதிரான பிரசாரமாக மாறிவிடுகிறது.

படத்தின் கோளாறும் அங்கேதான். ஒரு பருத்த பெண்ணின் கதையை இயல்பான காதலாகக் கொண்டுபோகத் திரைக்கதைக்குத் தைரியம் போதவில்லை. அவளை ஒரு சமூகச் சேவகியாக ஆக்கிய பிறகுதான் காதலுக்குத் தகுதியானவள் என்று முத்திரை குத்துகிறது. ஒல்லிக் கதாநாயகி மழையில் நனைந்தாலே போதும், காதல் வந்துவிடும். ஸ்வீட்டிக்கு ஓர் ஊழலை அம்பலப்படுத்த வேண்டியிருக்கிறது.

அந்தப் படத்தில் கூர்ந்து பார்க்க வேண்டிய ஆள் இன்னொருவர், அம்மாவாக வரும் ஊர்வசி. 'முந்தானை முடிச்சு' (1983) பரிமளமாக ஒரு வாத்தியாரைத் துரத்தித் துரத்திக் காதலித்து நாட்டையே சிரிக்க வைத்தவர். தமிழில் காதல் நகைச்சுவையை அவரளவுக்குக் கையாண்ட நடிகை குறைவு. அவருடைய உடம்பு பெருத்தபோது அந்தத் திறமை எங்கும் போய்விடவில்லை. காதலிக்கும் உரிமைதான் கதாபாத்திரத்திலிருந்து போய்விட்டது. பருத்த பெண்ணைக் கொண்டாடுவதாகச் சொல்லும் படத்தில், அசலாகவே பருத்திருக்கும் அபாரமான நடிகைக்கு மகளின் எடையைப் பற்றிப் புலம்பும் வேடம். கதாநாயகி வேடத்துக்கோ, மெலிந்த நட்சத்திரம் ஒருவர் ஏறத்தாழ இருபது கிலோ கூட்டிக்கொண்டு வந்தார். அவர் அந்த எடையைக் குறைக்கப் பட்ட பாடு, 'பாகுபலி' இரண்டாம் பாகம் வரும்வரை செய்தியாக ஓடியது. அனுஷ்காவின் உழைப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் போட்டுக் கழற்றும் உடுப்பு மாதிரி உடம்பைக் காட்டினால், கழற்ற முடியாதவர்கள் அதில் என்ன ஆறுதல் காண்பது?

இந்திப் படம் இந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனமானது. சரத் கட்டாரியா இயக்கியது. கதை 1995இல் ஹரித்வாரில் நடக்கிறது. பிரேம் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன், பாட்டு கசெட் கடை வைத்திருப்பவன். பூமி பெட்னேகர் நடித்த சந்தியா ஆசிரியப் பயிற்சி பெற்றவள், பருத்தவள். பெரியவர்கள் கட்டி வைத்த கல்யாணம். நண்பர்கள் மத்தியில் குடித்துவிட்டு அவன் அவளுடைய உடம்பைப் பற்றிக் கேவலமாகப் பேசுகிறான். அது அவள் காதில் விழுகிறது. எல்லார் முன்னாலும் அவனுக்கு ஓர் அறை விடுகிறாள். விவாகரத்து கேட்டுக் கோர்ட்டுக்குப் போகிறாள். ஆறு மாதம் சேர்ந்து வாழ்ந்து பாருங்கள் என்கிறார் நீதிபதி. கடைசியில் மனைவியை முதுகில் சுமந்து ஓடும் ஒரு போட்டி.

சந்தியா எடை குறைவதே இல்லை. குறைக்க முயல்வதும் இல்லை. மாற வேண்டியவன் அவன் என்பதில் படத்துக்குச் சந்தேகமில்லை. அவளுடைய படிப்பு, ரோசம், மீரட்டில் கிடைக்கும் ஆசிரியர் வேலை இவையெல்லாம் அவளுக்கு எடை தருகின்றன, தராசு காட்டாத எடை. சிறந்த இந்திப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது. ஆனால் நடிகைக்கு நடந்தது பழைய கதைதான். நடிகர் தேர்வுப் பிரிவில் வேலை பார்த்த பூமி இந்த வேடத்துக்காக ஏறத்தாழ முப்பது கிலோ கூட்டினார். படம் முடிந்ததும் குறைத்தார். அதற்குப் பிறகே அவருக்கு வழக்கமான கதாநாயகி வேடங்கள் வரிசையாக வந்தன. சந்தியாவின் உடம்போடு அவர் இரண்டாவது படம் நடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு பாலிவுட் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஐம்பத்தொன்பது கிலோ 'குண்டு'

வெள்ளைக்காரர்களின் திரையும் இதில் பெரிதாக ஒன்றும் உயர்ந்ததில்லை. எடையைப் பற்றிப் புலம்பும் காதல் நாயகி என்றாலே உலகம் நினைப்பது பிரிட்ஜெட் ஜோன்ஸை. ஹெலன் ஃபீல்டிங்கின் நாவல் 1996இல் வந்தது, படம் 2001இல். நாட்குறிப்பின் தொடக்கத்தில் அவள் எழுதி வைக்கும் எடை 129 இறாத்தல், அதாவது 59 கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. தன்னைக் குண்டு என்று உலகம் முழுக்க ஒரு தலைமுறைப் பெண்களை நினைக்க வைத்தவளின் எடை அவ்வளவுதான். ஃபீல்டிங் அதைக் கேலியாகத்தான் எழுதினார். படம் பார்த்தவர்களில் பலர் கேலியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அதே 2001இல் வந்த 'ஷாலோ ஹால்' இன்னும் மோசம். மனோவசியத்துக்கு ஆளான ஒருவன் பெண்களின் உள்ளழகை மட்டும் பார்க்கிறான். பருத்த பெண் ஒருத்தி அவன் கண்ணுக்கு ஒல்லியான குவினெத் பால்ட்ரோவாகத் தெரிகிறாள். உள்ளழகும் ஒல்லியாகத்தான் இருக்க வேண்டும் போலிருக்கிறது! அவளுடைய நிஜ உருவத்தைக் காட்ட பால்ட்ரோ பஞ்சு வைத்த உடையணிந்து நடித்தார்.

வித்தியாசமாக ஒன்று நடந்தது 2024இல், நெட்ஃப்ளிக்ஸ் தொடரான 'பிரிட்ஜர்டன்' மூன்றாம் பருவத்தில். நிக்கோலா காஃப்லன் நடித்த பெனிலோபி அதில் காதல் நாயகி. பூசின உடம்புக்காரி. அவளுக்கு வரும் சிக்கல்கள் எல்லாம் அவளுடைய இரகசியப் பேனாவால் வருகின்றன. உடம்பு கதையில் ஒரு பிரச்சினையாக வரவே இல்லை. கண்டியிலும் விடிய விடிய அதைப் பார்த்த பிள்ளைகள் உண்டு. 'அன்பே வா' இயல்பாகச் செய்ததை மேற்கு அறுபது வருடம் கழித்துச் செய்திருக்கிறது என்று நாம் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொள்ளலாம்.

வைத்தியர் பேச்சு வேறு

"அப்ப எடை கூடுறது நல்லதா?" என்ற கேள்வி உடனே வரும். வரட்டும். தெற்காசிய உடம்புக்கு நீரிழிவு சீக்கிரம் வரும் என்பது உண்மை. அதனால்தான் 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசியர்களுக்கு உடல் நிறைச் சுட்டெண் 23ஐத் தாண்டினாலே கவனம் தேவை என்றது. பெண்ணின் இடுப்புச் சுற்று 80 சென்ரிமீற்றரைக் கடந்தால் இரத்தத்தில் சீனி பார்ப்பது புத்தி. மாதவிடாய் தவறினால், கர்ப்ப காலத்தில் சீனி கூடினால், வைத்தியரிடம் போகத்தான் வேண்டும்.

ஆனால் அந்தப் பேச்சுக்கு இடம் கிளினிக், கல்யாண வீட்டுப் பந்தி அல்ல. வெட்கப்படுத்தினால் எடை குறையும் என்பதற்கும் ஆதாரமில்லை. 2014இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள், ஐம்பது வயதைத் தாண்டிய 2,944 பேரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த தரவுகளை வெளியிட்டார்கள். எடைக்காக அவமானப்படுத்தப்பட்டதாகச் சொன்னவர்களுக்குச் சராசரியாக ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக எடை கூடியிருந்தது. அப்படி ஒன்றும் நேராதவர்களுக்கு முக்கால் கிலோ அளவில் குறைந்திருந்தது. இது நம் அத்தைமாருக்குச் சொல்ல வேண்டிய சேதி. "என்ன பிள்ளை, நல்லா வச்சிட்டே" என்று நாம் போடும் முதல் வரவேற்பு அந்தப் பிள்ளையைக் கண்டி வாவியைச் சுற்றி நடக்க அனுப்புவதில்லை. அடுத்த கல்யாணத்துக்கு வராமல் இருக்கத்தான் அனுப்புகிறது. வாவிக்கரையில் காலையில் நடக்கப் போனாலும் பார்வைகள் பின்தொடரும் என்பதால் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடும் பெண்கள் இருக்கிறார்கள். நடைக்குத் தேவை சப்பாத்தும் தைரியமும். தைரியத்தைப் பிடுங்கிவிட்டு நடக்கச் சொல்வது என்ன நியாயம்?

தன்னை ஏற்றுக்கொள்வது என்பதையும் இங்கே தெளிவாகச் சொல்லிவிடலாம். வைத்தியத்தை மறுப்பதல்ல அது. உடம்பு சரியாகட்டும், அதற்குப் பிறகு வாழலாம் என்று வாழ்க்கையைத் தள்ளிப் போடாமல் இருப்பது. விரும்பிய சாறியை இந்த வருடமே வாங்குவது, நண்பிகளோடு எடுக்கும் படத்தில் பின்வரிசைக்கு ஒதுங்காமல் நிற்பது, பிடித்தவனிடம் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடுவது. மாத்திரையும் நடையும் பக்கத்திலேயே நடக்கட்டும்.

இனி வரும் படம்

இப்போது கையில் ஒரு கமராவோடு குறும்படம் எடுக்கும் பிள்ளைகள் பேராதனையிலும் மாத்தளையிலும் கம்பளையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பருத்த பெண்ணை வைத்து உடல் ஏற்பைப் பற்றி ஒரு படம் எடுக்காதீர்கள். பருத்த பெண்ணை வைத்து ஒரு காதல் படம் எடுங்கள். கதைக்கு இந்த ஊரில் பஞ்சமா? மாலை ஐந்தரைக்கு கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நெரிசல். சொல்லாமல் வரும் மழை, ஒரே குடை. தமிழ்ப் பெண்ணுக்கும் சிங்களப் பையனுக்கும் இடையில் பாதி பாஷை. தோட்டத்து அப்பா, நகரத்து மாமியார். கட்டுக்கலைக் கோயில் ஐயர் பார்த்த சாதகத்தில் செவ்வாய். இவ்வளவு தடை போதாதா, இடுப்பளவும் வேண்டுமா? அவளுடைய எடையைப் பற்றி ஒரு வசனமும் எழுதாமல் படத்தை முடித்துப் பாருங்கள். எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரியும். பழக்கம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதும் தெரியும்.

படம் எடுக்காத மற்றவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். அடுத்த கல்யாண வீட்டில் சொந்தக்காரப் பிள்ளை ஒன்று எதிரே வரும். மேலும் கீழும் பார்க்க வேண்டாம். வேலை எப்படி, படிப்பு எப்படி, கடைசியாய்ப் பார்த்த படம் என்ன என்று கேளுங்கள். பதிலையும் நின்று கேளுங்கள். பந்தியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால், இலையில் அவள் என்ன வாங்குகிறாள் என்பது உங்கள் விஷயமல்ல.